முனிவெங்கட்டுக்கு, இந்த மாதத்து நான்கு இதழ்கள்

ஓசூரிலிருந்து நீ பஸ்ஸில் போட்டுவிட்ட கட்டு
தருமபுரிக்கு ராத்திரி எட்டரைக்கு வந்தது.
கண்டக்டர் அதன்மேல்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார்,
அட்டை மடங்கியதற்கு நான் பொறுப்பில்லை.
"போன மாசம் மாதிரி 'பரவால்ல'ன்னு
ஒத்த வார்த்தையில முடிக்காத" என்றாய்.
சரி, எழுதுகிறேன்.

உலோகன், நூற்றுப்பன்னிரண்டு.
நகரம் மறுபடி இடிகிறது,
இந்த வருடத்தில் மூன்றாவது முறை.
கண்ணாடி உதிரும் பக்கம் அருமை,
சில்லுக்குச் சில்லு ஓர் ஆள் தெரிகிறார்.
அடுத்த இதழில் அதே கட்டடம்
அதே கண்ணாடியோடு நிற்கும்.
மேஸ்திரி யார், கூலி எவ்வளவு,
நூற்றுப்பன்னிரண்டு இதழாய் மூச்சு விடவில்லை.
ஐந்துக்கு இரண்டரை.

நிழல்வேங்கை, ஏழு.
இருபத்திரண்டு பக்கத்தில் பதினொன்று மழை.
வசனமே கிடையாது.
சாய்ந்து, அவசரமில்லாமல்,
இந்த ஜில்லாவில் ஒருநாளும் பெய்யாத மாதிரி.
மூடிவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்,
காயப்போட்ட துணியை எடுக்க.
மேலே அத்தனை நட்சத்திரம்.
நாலரை.
கதை? இருந்ததாக நினைவில்லை.

பேரலையன், நாற்பத்தொன்று.
சுண்டுவிரலால் கடலைத் தூக்குகிறான்.
தூக்கட்டும்.
எங்கள் போர்வெல் தண்ணீரில் ஒரு டம்ளர் கொடுத்து
ஃப்ளோரைடை மட்டும் பிரித்து வைக்கச் சொல்.
அதற்குக் குழாய் வேண்டும், டெண்டர் வேண்டும்,
விடியற்காலை வால்வு திருகத்
தீர்த்தகிரி வேண்டும்.
தீர்த்தகிரிக்கு மேலங்கி இல்லை,
சைலன்சர் உடைந்த எக்ஸ்எல் வண்டி உண்டு.
அவர் வராத அன்று பார்க்கணும்
எங்கள் தெருவின் வில்லன்களை.
ஒன்றரை. அட்டைப்படத்துக்கு அரை கூட்டலாம்.
வேண்டாம்.

நான் பல் செய்கிறவள், உனக்குத் தெரியும்.
பைபாஸ் ரோட்டு மாடியில்
டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப்
பீங்கான் சுடுகிறவள்.
என் நிற அட்டையில் பதினாறு வெள்ளை.
வருகிற ஆர்டரில் பாதி முதல் வெள்ளைக்குத்தான்.
பாப்பாரப்பட்டித் தண்ணீர் எனக்குக் கொடுத்த பழுப்பு
அந்தப் பதினாறில் எதிலும் இல்லை.
கல்யாண போட்டோவில்கூட
உதடு பிரிக்காமல் சிரித்திருக்கிறேன்.
அதனால் எந்தக் காமிக்ஸை எடுத்தாலும்
முதலில் வாயைப் பார்ப்பேன்.
மாவீரர்களுக்குப் பல் கிடையாது,
கவனித்திருக்கிறாயா?
மேலே ஒரு வெள்ளைப் பட்டை,
கீழே ஒரு வெள்ளைப் பட்டை,
நடுவில் ஒரு கோடு இல்லை.
சுவருக்கு அடித்த சுண்ணாம்பு.

கடைசியாக, செவ்வானி, முப்பது.
சாகிறாள். இது நாலாவது சாவு.
முப்பத்திரண்டில் புது முடிவெட்டோடு வந்துவிடுவாள்,
அழக்கூடாது என்றுதான் பிரித்தேன்.
பக்கம் பத்தொன்பது.
அவளை விட்டு ஓடுகிற கூட்டத்தில்
ஒருத்தி மட்டும் திரும்பி நின்று கத்துகிறாள்.
கட்டைவிரல் நகமளவு முகம்.
திறந்த வாயில் பல்,
ஒவ்வொன்றும் தனித்தனியாக.
முன்பல் இரண்டில் குறுக்கே பழுப்புக் கோடு.

அச்சுப் பிசிறாக இருக்கும்.
வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கவிழ்த்தேன்.
மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் கறுப்பும்
புள்ளி புள்ளியாய்
விழவேண்டிய இடத்தில்தான் விழுந்திருந்தன.

அதற்குத்தான் பதினொன்றே காலுக்கு உன்னை அழைத்தேன்.
ஷிப்ட் முடிந்து டீக்கடையில் இருந்தாய்,
பின்னால் யாரோ கன்னடத்தில் சண்டை.
வீட்டுக்குப் போய் உன் பிரதியைப் பார்,
பத்தொன்பது, இடது மூலை என்றேன்.
பைத்தியமா என்றாய்.
நாற்பது நிமிடம் கழித்து நீயே கூப்பிட்டாய்.
"இருக்குது.
அழுக்குன்னு நெனச்சு அன்னிக்கே
எச்சில் தொட்டுத் தொடைச்சுப் பாத்தேன்."

செவ்வானிக்கு மதிப்பெண் இன்னும் போடவில்லை.
சூளையில் முதல் வெள்ளையில் மூன்று பல்
ஆறிக்கொண்டிருக்கிறது, காலையில் டெலிவரி.
முப்பத்தொன்றில் அந்தப் பெண் வருவாளா,
அதை மட்டும் விசாரித்து வை.